கோதுமையின் மாமன்: களைகள் மருந்தை வெல்லும் வகை

உழவுத் தொழில் தோன்றிய நாள்முதலாக உழவனை விடாது தொடர்ந்துவரும் பகை களையாகும். நீர், எரு, ஒளி, இடம் ஆகிய நான்கிலும் பயிருக்கு உரிய பங்கை அது கவர்ந்துகொள்கிறது. ‘களை பிடுங்காப் பயிர் கால் பயிர்’ என்று நம் முன்னோர் கூறிய கணக்கில் மிகை ஏதுமில்லை. 1940களில் 2,4-டி என்னும் களைக்கொல்லி வழக்கிற்கு வந்து, அதனைத் தொடர்ந்து வேறு பல மருந்துகளும் வெளிவந்தபோது, இப்பழம்பகை இனி ஒழிந்தது என்றே பலரும் கருதினர். ஆனால், பூச்சிகள் மருந்துக்குப் பணியாமற் போனது போலவே களைகளும் ஒருநாள் பணியாமற் போகும் என்று ஹார்ப்பர் என்னும் ஆங்கிலத் தாவர நூலறிஞர் 1956லேயே எச்சரித்தார். அவ்வெச்சரிக்கை நம் நாட்டில் எவ்வாறு மெய்யாயிற்று என்பதையும், அதன் அடியில் உள்ள உடலியல், மரபியல் உண்மைகள் யாவை என்பதையும் விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கம்.

மாமன் வந்த கதை

பஞ்சாப், அரியானா மாநிலங்களிலும் அவற்றை அடுத்த பகுதிகளிலும் கோதுமை வயல்களில் ஒரு புல் முளைக்கிறது. ஃபலாரிஸ் மைனர் என்பது தாவர நூலார் அதற்கு இட்ட பெயர். குல்லி டண்டா என்றும் மண்டூசி என்றும் அவ்வூர் உழவர் அதனைக் குறிப்பிடுவர். ‘கேஹூன் கா மாமா’, அதாவது கோதுமையின் தாய்மாமன் என்பது அதற்குரிய மற்றொரு பெயர். பெயர் பொருத்தமானதே. இளம்பருவத்தில் கோதுமை நாற்றையும் இப்புல்லையும் அருகருகே வைத்தாலும் வேறுபாடு காண்பது அரிது. அடித்தண்டின் செந்நிறத்தையும், அதனைக் கிள்ளினால் கசியும் சிவந்த சாற்றையும் கொண்டே பழகிய கண்கள் அதனை அறியும். கதிர் வெளிவந்தபின் அடையாளம் எளிது. ஆனால் அதற்குள் பயிருக்கு நேர வேண்டிய கேடு நேர்ந்துவிடும். மேலும், கோதுமை அறுவடைக்கு முன்னரே தன் விதைகளில் பெரும்பகுதியை அது நிலத்தில் உதிர்த்துவிடுகிறது.

1960களின் நடுப்பகுதியில் லெர்மா ரோஜோ, சோனோரா 64 முதலிய மெக்சிகோ நாட்டுக் குட்டைக் கோதுமை வகைகள் இந்தியாவுக்கு வந்தன. நாட்டின் பசியைத் தணித்த பெருமை அவ்வகைகளுக்கும் அவற்றின் வழிவந்தவற்றுக்கும் உண்டு. ஆயினும் பழைய நெட்டைக் கோதுமை தன் நிழலால் களையை அடக்கியதுபோல் குட்டைக் கோதுமையால் அடக்க இயலவில்லை. அதற்கென இட்ட தழைச்சத்தும் பாய்ச்சிய நீரும் களைக்கும் உணவாயின. நெல்லை அடுத்துக் கோதுமை என்னும் பயிர்ச்சுழற்சி பரவியபோது நிலைமை மேலும் மோசமாயிற்று. நெல்வயலின் சேற்றுநீரில் பிற களைகளின் விதைகள் பல அழிய, இப்புல்லின் விதைகள் உயிரோடு தங்கி, குளிர்காலத்தில் முளைக்கும் வல்லமை பெற்றிருந்தன.

1970களின் இறுதியில் ஐசோபுரோட்டூரான் என்னும் மருந்து பரிந்துரைக்கப்பட்டது. அது கோதுமைக்குத் தீங்கு செய்யாது. அதன் மாமனை மட்டும் கொல்லும். விலையும் குறைவு. பத்துப் பதினைந்து ஆண்டுக்காலம் அவ்வட்டாரத்து உழவர் அதனையே, வேறொன்றையும் நாடாது, ஆண்டுதோறும் பயன்படுத்தினர். பலர் முறைப்படி தெளிப்பானைக் கொண்டு தெளிக்காது, மணலுடனோ யூரியாவுடனோ கலந்து கையால் வீசினர்.

1990களின் தொடக்கத்தில் முறையீடுகள் எழுந்தன. மருந்து இட்டும் களை சாகவில்லை. இரட்டிப்பாக இட்டும் சாகவில்லை. மருந்தில் கலப்படமோ, தெளிப்பில் குறையோ என்று முதலில் ஐயுற்றனர். ஹிஸ்ஸாரில் உள்ள அரியானா வேளாண்மைப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஆர். கே. மாலிக், சமுந்தர் சிங் ஆகிய விஞ்ஞானிகள் இதனை ஆராய்ந்தனர். நெடுங்காலம் மருந்து கண்ட வயலின் விதையையும் மருந்தே காணாத நிலத்தின் விதையையும் ஒருங்கே வளர்த்து, ஒரே அளவு மருந்தை இட்டுப் பார்ப்பதே இத்தகைய ஆய்வின் முறை. பின்னது சாக, முன்னது பிழைக்குமாயின் குறை மருந்தில் இல்லை, செடியிலேயே மாறுதல் நிகழ்ந்துள்ளது என்பது தெளிவு. அவ்வாறே கண்டு, களை எதிர்ப்புத்திறன் பெற்றுவிட்டது என்று 1993இலும் 1995இலும் அவர்கள் அறிவித்தனர். நம் நாட்டில் களைக்கொல்லிக்கு எதிர்ப்புத்திறன் பெற்ற களை என்று முதன்முதலாக அறியப்பட்டது இதுவே. சில ஆண்டுகளுக்குள் எட்டு முதல் பத்து இலட்சம் ஹெக்டேர் அளவில் இத்தொல்லை பரவியதாக மதிப்பிடப்பட்டது. களை மிகுந்த வயல்களில் கதிர் முற்றுமுன்னரே பயிரை அறுத்துக் கால்நடைகளுக்குத் தீவனமாக இடவேண்டிய நிலை சிலருக்கு ஏற்பட்டது. விதை, எரு, நீர், மருந்து அனைத்திற்கும் செலவு செய்தபின் தானியம் இன்றித் தாளை மட்டும் கண்ட குடும்பங்களுக்கு இது வெறும் ஆய்வுப்பொருள் அன்று.

மருந்து கொல்லும் விதம்

செடி எவ்வாறு பிழைத்தது என அறியுமுன், அது எவ்வாறு சாகிறது என அறிதல் வேண்டும். இலையிலுள்ள பசுங்கணிகங்களில் ஒளிச்சேர்க்கை நடைபெறுகிறது. பச்சையம் சூரிய ஒளியை ஏற்று, அவ்வாற்றலால் எலக்ட்ரான்களை ஒன்றிலிருந்து மற்றொன்றுக்குக் கைமாற்றி அனுப்புகிறது. இச்சங்கிலியில் டி-1 என்னும் புரதம் முக்கியமான ஓர் இடத்தில் அமைந்துள்ளது. பிளாஸ்டோகுவினோன் என்னும் சிறு மூலக்கூறு அப்புரதத்தின் ஒரு குழியில் வந்து அமர்ந்து, எலக்ட்ரான்களை ஏற்று அப்பாற் செல்லும். ஐசோபுரோட்டூரான் மூலக்கூறு அக்குழியைத் தான் பிடித்துக்கொள்கிறது. படகில் ஏற வேண்டியவர் இருக்கையில் வேறொருவர் அமர்ந்து இறங்க மறுப்பது போன்றது இது. எலக்ட்ரான்கள் செல்ல வழியின்றித் தேங்குகின்றன.

இதனால் செடி உணவின்றிப் பட்டினியால் மடிகிறது என்று நினைத்தல் இயல்பு. உண்மை அதனினும் விரைவானது. வழி அடைபட்டபோதும் பச்சையம் ஒளியை ஏற்பதை நிறுத்துவதில்லை. செலவாகாத அவ்வாற்றல் அருகிலுள்ள ஆக்சிஜனைத் தீவிர நிலைக்கு ஏற்றிவிடுகிறது. அது உயிரணுச் சவ்வுகளின் கொழுப்பைச் சிதைக்கிறது. இலை வெளிறிக் கருகுகிறது. தனக்கு உயிர்தந்த ஒளியே செடிக்குக் கூற்றாகிறது.

ஆயின் கோதுமை ஏன் சாகவில்லை? கோதுமையிலும் அதே டி-1 புரதம், அதே குழி உண்டு. வேறுபாடு, மருந்து அங்குச் சென்று சேர்கிறதா என்பதில்தான். சைட்டோகுரோம் பி-450 என்னும் குடும்பத்தைச் சேர்ந்த நொதிகள் கோதுமையின் உயிரணுக்களில் உள்ளன. அவை மருந்து மூலக்கூற்றின் ஒரு மெத்தில் தொகுதியைக் கழற்றியும், மற்றோர் இடத்தில் ஆக்சிஜனைச் சேர்த்தும் அதனைப் பயனற்றதாக்குகின்றன. பின்னர் அதன் எச்சம் சர்க்கரையுடன் பிணைக்கப்பட்டு ஒதுக்கப்படுகிறது. கோதுமை மருந்தைத் தாங்கிக்கொள்வதன்று, அதனைச் செரித்துவிடுகிறது.

மாமனும் இதே கலையில் தேர்ந்துவிட்டான் என்பதே ஆய்வில் வெளிப்பட்ட செய்தி. எதிர்ப்புத்திறன் பெற்ற செடிகள் மருந்தை விரைந்து சிதைத்தன. பி-450 நொதிகளைத் தடுக்கும் பொருளையும் மருந்தோடு சேர்த்துக் கொடுத்தபோது அச்செடிகள் மீண்டும் மருந்துக்குப் பணிந்தன. உருவத்தில் கோதுமையைப் போன்றிருந்த புல், உள்ளுறை வேதியியலிலும் கோதுமையைப் போன்றதாயிற்று. இதிலிருந்து ஒரு கடினமான உண்மை புலப்படும். பயிரைக் காக்கும் வழியும் களையைக் காக்கும் வழியும் ஒன்றேயாகிவிட்டால், மருந்தின் அளவைக் கூட்டுவதனால் பயனில்லை. களை சாகும் அளவு பயிரையும் வருத்தும்.

இருவகை எதிர்ப்பு

உலகின் பிற பகுதிகளிலும் கண்ட செய்திகளை நோக்க, களைகளின் எதிர்ப்பை இருவகையாகப் பிரிக்கலாம்.

முதலாவது, மருந்து தாக்கும் இலக்கே மாறிவிடுதல். அமெரிக்காவின் வாஷிங்டன் மாநிலத்தில் நாற்றுப்பண்ணை ஒன்றில் சிமசின், அட்ரசின் ஆகிய மருந்துகளுக்கு அடங்காத செனிசியோ வல்காரிஸ் என்னும் களை 1968இல் காணப்பட்டு, 1970இல் ரையன் என்பவரால் அறிவிக்கப்பட்டது. அம்மருந்துகளும் டி-1 புரதத்தையே தாக்குவன. 1983இல் கீரையினக் களை ஒன்றை ஆராய்ந்த ஹிர்ஷ்பெர்க், மக்கின்டாஷ் ஆகியோர், அப்புரதத்தின் 264ஆம் இடத்தில் செரின் என்னும் அமினோ அமிலத்திற்குப் பதிலாகக் கிளைசின் அமைந்திருப்பதைக் கண்டனர். நூற்றுக்கணக்கான அமினோ அமிலங்களுள் ஒன்றே ஒன்று மாறியதால் மருந்துக்கு அங்குப் பற்றிக்கொள்ள இடமில்லாது போயிற்று. இப்புரதத்திற்குரிய மரபணு உயிரணுவின் உட்கருவில் இல்லை, பசுங்கணிகத்தில் உள்ளது. எனவே அது பெரும்பாலும் தாய்ச்செடி வழியே விதைக்குச் செல்கிறது. மகரந்தத்தின் வழியே பரவுவதில்லை. அன்றியும் இம்மாற்றத்தால் எலக்ட்ரான் ஓட்டமும் தளர்வடைவதால், மருந்து இல்லாத நிலத்தில் அச்செடி தன் இனத்தாரோடு போட்டியிட்டு வெல்ல இயலாது. இயற்கை ஒரு கையால் தந்ததற்கு மறு கையால் விலை பெறுகிறது.

எல்லா மாற்றங்களுக்கும் இத்தகைய விலை இருப்பதில்லை. அமினோ அமிலங்கள் சிலவற்றை ஆக்கும் ஏ.எல்.எஸ். என்னும் நொதியைத் தாக்கும் சல்பனைல் யூரியா மருந்துகள் 1982இல் சந்தைக்கு வந்தன. ஐந்தே ஆண்டுகளில், 1987இல், அமெரிக்காவின் ஐடஹோ மாநிலத்தில் முள்ளிலைக்கோசு இனக் களை ஒன்று அவற்றை வென்றது. இந்நொதியின் மரபணு உட்கருவில் இருப்பதால் அதன் மாறிய வடிவம் மகரந்தத்தின் வழியேயும் செல்லும். பெற்றோரில் ஒன்றிடமிருந்து வந்தாலே பெருமளவு பயன் தரும். அதனால் செடிக்கு நேரும் இழப்போ பெரும்பாலும் சிறிதே.

இரண்டாவது வகையில் இலக்கு மாறுவதில்லை. இலக்கை அடையும் மருந்தின் அளவு குறைகிறது. மேலே கண்ட சிதைக்கும் நொதிகள் இவ்வகையின. மருந்தை உயிரணுவின் நுண்குமிழியில் அடைத்துவைத்துச் செயலறச் செய்யும் களைகளும் உள்ளன. இவ்விரு வகைக்கும் இடைப்பட்ட விந்தை ஒன்றையும் இங்குக் குறிப்பிடல் தகும். கிளைபோசேட் என்னும் மருந்தை வென்ற அமராந்தஸ் பால்மேரி என்னும் கீரையினக் களை அமெரிக்காவின் ஜார்ஜியா மாநிலத்தில் காணப்பட்டது. அதன் இலக்கு நொதியில் மாற்றமில்லை. ஆனால் அந்நொதிக்குரிய மரபணு சில செடிகளில் நூற்றுக்கும் மேற்பட்ட படிகளாகப் பெருகியிருந்தது என்று 2010இல் அறிவித்தனர். மருந்து பிடித்துக்கொள்ளும் நொதியைக் காட்டிலும் பன்மடங்கு நொதியைச் செடி ஆக்கிக்கொண்டது.

மருந்து மாற்றுகிறதா, தெரிந்தெடுக்கிறதா?

மருந்து பட்டதனால் செடி எதிர்ப்பைக் கற்றுக்கொள்கிறது என்னும் எண்ணம் பரவலாக உள்ளது. அது சரியன்று. மரபணுக்களில் தற்செயலான மாற்றங்கள் எப்பொழுதும் நிகழ்ந்துகொண்டே உள்ளன. எதிர்ப்புக்குரிய மாற்றம் பெற்ற செடி மருந்து வருமுன்னரே அக்கூட்டத்தில் எங்கோ அரிதாக இருந்திருக்கும். மருந்து மற்றவற்றைக் கொன்று அதற்கு வழி விடுகிறது.

ஒரு கற்பனைக் கணக்கால் இதனை விளக்கலாம். ஒரு ஹெக்டேரில் பத்து இலட்சம் களைகள் முளைப்பதாகவும், அவற்றுள் ஒன்று மட்டும் எதிர்ப்புத்திறன் உடையதாகவும் கொள்வோம். மருந்து நூற்றுக்குத் தொண்ணூற்றைந்து களைகளைக் கொல்கிறது. எஞ்சிய ஐம்பதாயிரத்தில் அந்த ஒன்றும் நிற்கிறது. எனவே அதன் விகிதம் ஒரே ஆண்டில் இருபது மடங்காயிற்று. எல்லாச் செடிகளும் ஒத்த அளவில் விதை தருமாயின், இரண்டாம் ஆண்டு தெளித்தபின் 2,500க்கு ஒன்று, மூன்றாம் ஆண்டு 125க்கு ஒன்று, நான்காம் ஆண்டு சற்றேறக்குறைய ஆறுக்கு ஒன்று என விகிதம் ஏறும். ஐந்தாம் ஆண்டில் எதிர்ப்புடையவையே மிகுதியாகிவிடும். முதல் மூன்று ஆண்டுகளிலும் உழவனின் கண்ணுக்கு ஒரு மாறுதலும் தோன்றாது என்பதே இக்கணக்கின் கொடிய பகுதி. மண்ணில் உறங்கும் பழைய விதைகள் ஆண்டுதோறும் முளைப்பதால் உண்மையில் இது மெதுவாகவே நடைபெறும். ஆனால் போகும் திசை மாறுவதில்லை.

குல்லி டண்டா பெரும்பாலும் தன்மகரந்தச் சேர்க்கை உடையது. எனவே எதிர்ப்பு மரபணுவைப் பெற்ற செடியின் வழித்தோன்றல்கள் சில தலைமுறைகளுள் அதனைத் தூய நிலையில் பெற்றுவிடுகின்றன. பின்னர் அதன் விதை, கலப்புள்ள கோதுமை விதையுடனும், வாய்க்கால் நீருடனும், அறுவடை எந்திரத்துடனும், தொழு எருவுடனும் ஊர்விட்டு ஊர் செல்கிறது.

குறைந்த அளவில் மருந்திடுவதால் வரும் தீங்கு வேறு. முழு அளவு மருந்தில் பிழைக்க ஒரே வலிய மரபணு வேண்டும். அரைகுறை அளவிலோ, சிறு சிறு திறன்களைத் தரும் பல மரபணுக்களை உடைய செடிகளும் பிழைத்துத் தமக்குள் கலந்து, அத்திறன்களை ஒன்றுசேர்த்துக்கொள்ள இடம் உண்டாகிறது. ஆஸ்திரேலியாவில் அயல்மகரந்தச் சேர்க்கை உடைய லோலியம் ரிஜிடம் என்னும் புல்லில் குறைந்த அளவு மருந்தைத் தொடர்ந்து இட்டு நடத்திய சோதனையில், மூன்று தலைமுறைகளுக்குள்ளாகவே எதிர்ப்பு வளர்ந்ததை நெவ், பவுல்ஸ் ஆகியோர் 2005இல் காட்டினர்.

மருந்துக்குப் பின் மருந்து

ஐசோபுரோட்டூரான் கைவிட்டபின், 1990களின் இறுதியில் குளோடினபாப், ஃபெனாக்சபிராப், சல்போசல்பியூரான் முதலிய புது மருந்துகள் பரிந்துரைக்கப்பட்டன. முதலிரண்டும் கொழுப்பு அமிலங்களை ஆக்கும் ஏ.சி.சி. நொதியையும், மூன்றாவது ஏ.எல்.எஸ். நொதியையும் தாக்குவன. விளைச்சல் மீண்டது. ஆனால் அடுத்த பத்தாண்டுகளில் இவற்றிற்கும் அடங்காத குல்லி டண்டா பல வயல்களில் காணப்பட்டது. ஒன்றுக்கு மேற்பட்ட மருந்துவகைகளை ஒருங்கே எதிர்க்கும் செடிகளும் தோன்றின. சிதைக்கும் நொதிகளின் இயல்பை எண்ணினால் இதில் வியப்பில்லை. இலக்கு மாறிய களை அவ்விலக்கைத் தாக்கும் மருந்தை மட்டுமே வெல்லும். சிதைக்கக் கற்ற களையோ, தான் என்றும் கண்டிராத மருந்தையும் சில வேளைகளில் சிதைத்துவிடும். முற்றிலும் புதிய இலக்கைத் தாக்கும் களைக்கொல்லிகள் 1980களுக்குப் பின் மிக அரிதாகவே உலகச் சந்தைக்கு வந்துள்ளன. எனவே கையில் உள்ள மருந்துகள், எண்ணெய்க் கிணறு போல், அளவுக்கு உட்பட்ட செல்வம் என்றே கருதவேண்டும்.

பயிரின் மரபணுவையே மாற்றிக்கொள்ளும் முயற்சியும் இவ்விடத்தில் நினைவுகூரத்தக்கது. இந்திய வேளாண்மை ஆராய்ச்சிக் கழகம் 2021இல் பூசா பாசுமதி 1979, 1985 என்னும் நெல் வகைகளை வெளியிட்டது. ஏ.எல்.எஸ். நொதியின் மரபணு மாறியிருப்பதால் அவை இமசெத்தாபிர் என்னும் களைக்கொல்லியைத் தாங்கும். நேரடி விதைப்புக்கு உதவி, நீரையும் உழைப்பையும் மிச்சப்படுத்துவது இதன் நோக்கம். ஆயினும் களைகளில் எதிர்ப்பு எளிதில் தோன்றும் இலக்குகளுள் இந்நொதி முதன்மையானது. வயலோரத்துக் காட்டுநெல் பயிர்நெல்லோடு கலக்கவும் கூடும். ஒரே மருந்தை ஆண்டுதோறும் இட்டுக் கோதுமையில் கண்ட கதையை நெல்லிலும் காணாதிருப்பது பயன்படுத்துவோர் கையில் உள்ளது.

உழவியலின் விடை

மருந்து தோற்ற இடத்தில் உழவியல் பெரிதும் உதவியது. அரியானாவில் 1990களின் இறுதியில் இருந்து உழாமல் விதைக்கும் முறை பரப்பப்பட்டது. நெல் அறுத்த தாளிடையே தனிக்கருவியால் கோதுமையை நேரே விதைப்பது இது. மண் புரட்டப்படாமையால் ஆழத்தில் கிடக்கும் களை விதைகள் மேலே வருவதில்லை. உழவுக்கான நாட்கள் மிஞ்சுவதால் விதைப்பையும் முன்கூட்டியே செய்யலாம். குல்லி டண்டா நன்கு முளைப்பதற்குக் குளிர் வேண்டும். அக்குளிர் வருமுன்னரே கோதுமை வேரூன்றி நிலத்தை மூடிக்கொள்கிறது. வைக்கோலை எரிக்காது நிலத்தின்மேல் பரப்பி வைத்தால் களை மேலும் அடங்கும்; வடநாட்டுக் காற்றும் மாசடையாது.

பயிர்ச்சுழற்சி அடுத்த ஆயுதம். பெர்சீம் என்னும் தீவனப் பயிரை ஒரு பருவம் இட்டால், அதனைப் பலமுறை அறுக்கும்போது களையும் விதை வைக்குமுன் அறுபடுகிறது. கரும்பு முதலிய பயிர்களை இடையிட்டுப் பயிர்செய்த வயல்களைக் காட்டிலும், நெல்லும் கோதுமையுமே மாறிமாறி விளைந்த வயல்களில்தான் எதிர்ப்புத்திறன் மிகுதியாகத் தோன்றியது.

இவற்றோடு, தூய விதையை விதைத்தல், அறுவடை எந்திரத்தைத் தூய்மை செய்து வயலில் இறக்குதல், மருந்தை உரிய அளவில் உரிய பருவத்தில் தெளித்தல், இலக்கு வேறுபட்ட மருந்துகளைப் பரிந்துரைப்படி சேர்த்தும் மாற்றியும் கையாளுதல் ஆகியவை இன்றியமையாதன. தெளித்தபின் எஞ்சி நிற்கும் சில செடிகளைக் கையால் பிடுங்கி அகற்றுவது சிறு வேலையாகத் தோன்றலாம். மேற்கண்ட கணக்கை எண்ணுவோர், பத்து இலட்சத்தில் ஒன்றாகிய அந்தச் செடி அச்சிலவற்றுள் இருக்கக்கூடும் என்பதை உணர்வர். அது விதை உதிர்க்குமுன் களத்திலிருந்து நீங்குமாயின், அவ்வயலின் மருந்துக்கு இன்னும் பல ஆண்டுகள் உயிர் இருக்கும்.